தாய்மைக்குப் பரணி வேண்டாம்

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடுகிறார்: பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு. ஆண்டுதோறும் அதை வகுப்பில் வியந்து விளக்கும் நாம், அந்தப் பங்கீட்டை ஒருநாளும் கேள்விக்கு உட்படுத்தியதில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்து, காலை முதல் பாடவேளைக்கு வந்து நிற்கும் சக ஆசிரியையைத் 'தாய்மையின் வலிமை' என்று மெச்சுகிறோம்; அந்த வகுப்பை ஏற்றுக்கொள்ள முன்வருவதில்லை. 2017இல் முதலிரு பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டத்திருத்தமும் தந்தைக்கென ஒருநாள்கூட எழுதவில்லை.

அவளிடம் மனவுறுதி உண்டு, மறுக்கவில்லை. பாலாடையைக் கழுவி, மருந்தை அளந்து, பொறுமை இழந்து, மீண்டும் அதைத் தேடிப் பெற்று அவள் ஈட்டிய உறுதி அது. நமது ஓய்வுக்கு அதை ஈடாக வைக்க நமக்கென்ன உரிமை? நண்பர்களே, புகழ்மாலையைக் கீழே வைப்போம். இன்றிரவு தொட்டிலை நாம் ஆட்டுவோம்.