கொப்பித் தாளும் கடதாசி ஆலையும்

யாழ்ப்பாணத்திலே ஒரு கடதாசி ஆலை வேண்டும் என்று விரும்புவோர் நம்மிடையே உளர். ஆசை நியாயமானதே. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய காலந்தொட்டு, எழுத்து நம்முடையதாயினும் தாள் பெரும்பாலும் அயலாருடையதாகவே இருந்துவருகின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டு நாளேடுகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சேறின. 2022 மார்ச்சிலோ, தாளும் மையும் இன்மையால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

ஆயினும் ஆலை என்னும் யோசனையை நான் ஒப்பவில்லை.

வாழைச்சேனையை நோக்குவோம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்தபோது வித்திட்ட தொழிற்சாலைகளுள் ஒன்றாகிய அவ்வாலை 1956 இல் இயங்கத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் நம் வயல்களின் வைக்கோல். வைக்கோலை எரிசோடாவிற் சமைத்தால், நாரை நாரோடு ஒட்டிவைக்கும் இலிக்னின் கரைந்துபோகச் செலுலோசு நார் எஞ்சும். குளோரின் அதனை வெளுக்கும். பின்னர் நீரிற் கலக்கிக் கம்பிவலையிற் பரப்பி, அழுத்தி உலர்த்தினால் நார்கள் ஐதரசன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றித் தாளாகும். பனையோலை ஏட்டுக்கும் தாளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே: ஏட்டின் நாரை இயற்கையே அடுக்கிவைத்தது, தாளிலோ அது பிரிக்கப்பட்டு மறுபடி அடுக்கப்படுகின்றது. எரிசோடாவையும் குளோரினையும் உப்பிலிருந்து பிரித்தெடுக்கப் பரந்தனில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. உப்போ ஆனையிறவில் விளைந்தது. எத்துணை அழகிய சங்கிலி! பரந்தன் தொழிற்சாலை போரில் அழிந்தது.

போரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. சமைத்த கருநீரிலிருந்து எரிசோடாவை மீட்க முயன்றால் அது குழாய்களில் படிந்து இடர்தரும். மீட்காவிடில் செலவும் மாசும் பெருகும். வாழைச்சேனையும் பிற்காலத்தில் கழிவுத்தாளை நாடியது.

குடாநாட்டிற்கோ வேறொரு தடையும் உண்டு. இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையினுள் தேங்கும் மழைநீரே நம் கிணறு. தாளோ நீரைக் குடிக்கும் தொழில். தோட்டத்து உரத்தினால் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் போதாவென்று கருநீரையும் அதனுள் இறக்குவது அறிவுடைமையாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கது தாள் ஆக்குதலன்று, தாள் திரட்டுதல். பயன்படுத்திய தாளை நீரிலிட்டுக் கலக்கினால் நார் மீண்டும் பிரியும். சவர்க்காரமும் காற்றுக் குமிழியும் மையை மேலே கொணர்ந்து நீக்கும். ஒவ்வொரு முறையும் நார் குறுகி விறைப்பதால், ஐந்தாறு சுற்றுக்கு மேல் அது தாங்காது. எனவே நீண்ட நாருடைய நல்ல தாளுக்கே மதிப்பு. மரக்கூழிற் செய்த வெள்ளைக் கொப்பித் தாள் அத்தகையது. அதனையல்லவா தவணை முடிவில் நம் வளவு மூலைகளிற் கொளுத்துகின்றோம்!

ஒன்று சொல்லி அப்பாற் செல்வேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் அளவான நூல்களை இழந்த நாம், பாட்டனாரின் பெட்டியிலிருக்கும் கோயில் மலரையும் சிறுசஞ்சிகையையும் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தல் கொடுமை. திரட்டுபவர் கண்ணுடையவராதல் வேண்டும்.

பாடசாலைகளிலே தொடங்கலாம். ஒரு சாக்கில் கொப்பியும் வினாத்தாளும், ஒன்றில் செய்தித்தாள், மற்றொன்றில் அட்டை. கலந்த தாளை வாங்குவோர் அட்டை விலையே தருவர். எண்ணெய் தோய்ந்த பொதியொன்று ஒரு சாக்கையே கெடுத்துவிடும். மூட்டையை இறுக்கிக் கட்டாவிடில் லொறிக் கூலியே விலையை விழுங்கும். புதுக் கொப்பி வாங்கிய அன்றே நாம் அக்கறையோடு இடும் பிளாஸ்டிக் உறைதான் முதலிற் கழற்றப்படவேண்டியது. பழுப்புத்தாள் உறையிட்ட அக்காலத்தவர்க்கு அந்த வேலையும் இருக்கவில்லை.