கம்பைலர் வார்னிங்: எல்லா ப்ராசஸருக்கும் ஒரே அலாரம் தேவையா?

நாகப்பட்டினத்துக்கு ரெட் அலர்ட் என்றால், திருப்பூரில் இருப்பவர் கவலைப்படுவதில்லை. வானிலை மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை கொடுப்பதே அதற்காகத்தான். எல்லா மாவட்டத்துக்கும் தினமும் ரெட் அலர்ட் வந்தால், நிஜமாகவே மழை கொட்டும் நாளில் யாரும் கண்டுக்க மாட்டாங்க. சாஃப்ட்வேர் உலகிலும் இதே கதைதான்.

சி மொழியில் எழுதிய நிரலை, ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். அப்போது, 'இந்த வரியில் சிக்கல் வரலாம்' என்று வார்னிங்கும் கொடுக்கும். அந்தச் சிக்கல் சில வகை ப்ராசஸர்களில் மட்டும்தான் வரும் என்றால், வார்னிங்கை அங்கே மட்டும் காட்டினால் போதுமா?

போதும் என்பதே என் கருத்து. ஆனால், ஒரு நிபந்தனை இருக்கிறது.

லேப்டாப்பில் ஓடும், போர்டில் நிற்கும்

பொதுவாக, நான்கு பைட் எண் ஒன்று மெமரியில் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். இதை 'அலைன்மென்ட்' என்பார்கள். சென்சார் அனுப்பும் பைட் வரிசையின் நடுவிலிருந்து நேரடியாக ஓர் எண்ணைப் படித்தால், இந்த விதி உடையலாம். லேப்டாப்பில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் பெரும்பாலும் சமாளித்துவிடும். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டில் உள்ள கார்டெக்ஸ்-எம்0+ சமாளிக்காது. 'ஹார்டு ஃபால்ட்' ஆகி அப்படியே நின்றுவிடும்.

இதற்காகவே ஜிசிசி கம்பைலரில் 'காஸ்ட்-அலைன்' என்ற வார்னிங் உண்டு. நாமாக ஆன் செய்ய வேண்டும். செய்தாலும், அலைன்மென்ட் கட்டாயமான ப்ராசஸர்களுக்கு மட்டுமே எச்சரிக்கும். இன்டெல் என்றால் வாயே திறக்காது. கிளாங் கம்பைலர் அப்படிப் பிரிப்பதில்லை. ஆன் செய்துவிட்டால், எந்த ப்ராசஸராக இருந்தாலும் எச்சரிக்கும்.

ஜிசிசி சொல்வதில் நியாயம் உண்டா?

உண்டு. பல ஆண்டுகளாக ஓடும் பெரிய நிரலில் நூற்றுக்கணக்கில் வார்னிங் வந்தால், டெவலப்பர் என்ன செய்வார்? மொத்தமாக ஆஃப் செய்துவிடுவார். அந்தக் கூட்டத்தோடு, கவனிக்க வேண்டிய ஒன்றும் சேர்ந்தே காணாமல் போகும்.

ஆனால், திருப்பூரில் லோடு ஏற்றி நாகைக்குக் கிளம்பும் லாரி டிரைவருக்கு? அவருக்கு நாகையின் ரெட் அலர்ட் தெரிந்தே ஆகணும். நிரலும் அந்த லாரி மாதிரிதான். ஒருவர் லேப்டாப்பில் எழுதி, சோதித்து, இணையத்தில் போடுவார். இன்னொருவர் அதை எடுத்து போர்டில் ஏற்றுவார். எழுதியவருக்கு வார்னிங்கே வந்திருக்காது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து காரணம் தேடுவது எடுத்தவர்தான்.

இன்னொரு விஷயம், இது வெறும் ப்ராசஸர் பிரச்சினை மட்டுமல்ல. சி மொழியின் விதிப்படியே, தவறான அலைன்மென்டில் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வேகத்துக்காகக் கம்பைலர் 16 பைட் அலைன்மென்ட் கேட்கும் கட்டளைகளைப் பயன்படுத்தினால், இன்டெல்லிலும் நிரல் க்ராஷ் ஆகலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2018-ல் வந்த ஜிசிசி 8, இதே வார்னிங்குக்கு 'ஸ்ட்ரிக்ட்' வடிவம் ஒன்றைச் சேர்த்தது. எந்த ப்ராசஸருக்குக் கம்பைல் செய்தாலும் அது எச்சரிக்கும். திருத்துவதும் சுலபம். நேரடியாகப் படிக்காமல், 'மெம்காப்பி' மூலம் நகலெடுத்துப் படித்தால் போதும். இன்டெல்லில் ஆப்டிமைசேஷன் ஆன் செய்திருந்தால், கம்பைலர் பொதுவாக அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும், வேகம் குறையாது.

ஆக, வார்னிங்கைப் பாதிக்கப்படும் ப்ராசஸரோடு நிறுத்துவது சரிதான். என் நிபந்தனை இதுதான்: ஒரே கணினியோடு முடிந்துவிடும் நிரலுக்கு மட்டுமே அந்தச் சலுகை. நாலு பேர் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று வெளியிடும் நிரல் என்றால், 'ஸ்ட்ரிக்ட்'டை ஆன் செய்து ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள். உங்கள் ஊரில் வெயில் அடிக்கலாம், லாரி போற ஊர்ல மழை.