கவரைப்பேட்டையும் சீலோவாம் கோபுரமும்



2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரவை நம் பகுதியார் மறந்திருக்கமாட்டீர்கள். மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு ரயில், நமக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டை நிலையத்தில், பிரதான பாதையை விட்டு லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதியது. வேகம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் சிலர் காயமடைந்தார்கள், ஒருவரும் மரிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு ஆராதனையில், "இது நம் ஜெபங்களுக்குக் கிடைத்த அற்புதம்" என்று பிரசங்கித்தேன். சபையார் அல்லேலூயா என்றார்கள். ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலை வேலையில், உயரத்திலிருந்து விழுந்து இறந்த வாலிபனின் தாய் அவர். "ஐயா, நானும் ஜெபித்தேனே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த அற்புதம் நடக்கவில்லை?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லியிருக்கவேண்டியதை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

கவரைப்பேட்டைக்கு ஓராண்டுக்கு முன், 2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயிலும் இதேபோல லூப் லைனுக்குள் சென்று, நின்றிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதியது. அங்கே மாண்டவர்கள் 290 பேருக்கும் அதிகம். அந்த ரயிலின் வேகம் மிக அதிகம். தடம் புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் சென்ற மற்றொரு ரயிலின்மேலும் மோதின. கவரைப்பேட்டையில் இவ்விரண்டும் நேரவில்லை. ஒடிசாவுக்குச் சென்றவர்களுக்காக ஜெபித்த தாய்மார் இல்லையா? பிழைத்ததை ஜெபத்தின் பலன் என்று நாம் கணக்கெழுதினால், இழந்தவர்களின் ஜெபம் குறைவுபட்டது என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

அரிதான காரியம் நடந்தவுடன் அதற்கொரு தனி அர்த்தம் தேடுவது நம் இயல்பு. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கே நேரக்கூடிய ஒன்று உண்டென்று வையுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சம் மக்கள். அப்படியானால் அந்த அபூர்வம் இங்கே ஒவ்வொரு நாளும் மூன்று, நான்கு பேருக்கு நேரும். அது நன்மையாகவும் இருக்கலாம், தீமையாகவும் இருக்கலாம்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். உயிரோடிருக்கிறவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பிதாவின் சித்தமின்றி ஓர் அடைக்கலான் குருவியும் விழுவதில்லை என்றபோதும், அவர் பேசியது விழுகிற குருவியைக் குறித்தே. விழாதவைகளுக்கு மட்டும் அவர் பிதா அல்லர். அந்தத் தாயாருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய முதல் வார்த்தை இதுவே.

இரண்டாவது வார்த்தை, சிப்காட்டில் வேலை செய்கிற உங்களுக்கு. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பாதுகாப்பு பெல்ட் அணியாமல் உயரத்தில் ஏறுகிறோம். ஒருமுறை ஏறுவதில் விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு முந்நூறு நாள், நாளுக்கு ஒருமுறை, பத்து ஆண்டுகள் ஏறினால், ஒருமுறையேனும் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டிவிடும். அந்த வாலிபனைப்போல நூறு பேர் அப்படி ஏறினால், எந்த வீட்டில் அழுகை எழும் என்பது மட்டுமே நமக்குத் தெரியாது.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது ஆண்டவர் மறுத்தார். உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. மாடியிலிருந்து எவனோ ஒருவன் என்றோ ஒருநாள்தான் விழுவான். அந்த ஒருவனுக்காகவே தேவன் சுவரைக் கேட்டார். ஆகவே பெல்ட்டும் தலைக்கவசமும் அவிசுவாசத்தின் அடையாளங்கள் அல்ல. மேற்பார்வையாளராக இருக்கிற சகோதரரே, உங்கள் கீழ் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளி பீகாரிலிருந்து வந்தவராயினும், அவருக்கும் அந்தச் சுவரைக் கட்டும் கடமை உங்களுடையது.

தப்பிப்பிழைத்தால் நன்றி செலுத்துங்கள். ஆனால் அதை மற்றவருக்கு அளவுகோலாக்காதிருங்கள். அன்று நான் செய்த தவறு அதுவே. இந்த வாரம் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். எனக்காக ஜெபியுங்கள்.

பரம பிதாவே, பிழைத்தவர்களுக்குத் தாழ்மையையும், இழந்தவர்களுக்கு ஆறுதலையும், எங்கள் கைகளுக்குப் பிறரைக் காக்கும் கவனத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.