தலைவர் புதியவர், கோரிக்கை பழையது



ஊராட்சி மன்றத்துக்குப் புதிய தலைவர் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பதவியேற்பு நடக்கும், பத்திரிகைக்குப் படம் எடுப்பார்கள், அடுத்த வாரம் "என் முன்னுரிமைகள்" என்று ஒரு பட்டியல் வெளிவரும். சுற்றுலா, முதலீடு, நகர அழகு, வரி பாக்கி வசூல். இவற்றில் எதையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கேள்வி ஒன்றுதான். தோட்டத்து லயத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம்?

உலு சிலாங்கூரையே எடுத்துக்கொள்வோம். கோல குபு பாரு, களும்பாங், கெர்லிங், பத்தாங்காலி, செரண்டா என்று ரப்பரும் செம்பனையும் நம் உழைப்பில் வளர்ந்த மண் அது. மாவட்ட மன்றமாக இருந்த நிர்வாகம் 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. பெயர்ப்பலகை உயர்ந்தால் நில விலையும் உயரும். நில விலை உயர்ந்தால் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் ஆசையும் வரும். ஆகவே அந்த நாற்காலியில் அமர்பவர் யாராக இருந்தாலும், அவர் முதலில் எதைச் செய்கிறார் என்பது உங்கள் வீட்டையும் பிள்ளையின் பள்ளியையும் பாட்டனாரின் சமாதியையும் நேராகத் தொடும் விஷயம்.

அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?

நீங்கள் இல்லை. நானும் இல்லை. இந்த நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த காலம் ஒன்று இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் மக்கள் வாக்களித்தார்கள். 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், அவசரகால விதியின் கீழ் அந்தத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்தது. தேர்தல் முறை தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பினாங்கு மாநிலம் 2012இல் சொந்தச் சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, சட்டத்தின் 10ஆவது செக்சன்படி தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. உறுப்பினரின் தவணை 3 ஆண்டுக்கு மேல் போகாது. தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர்களையும் நியமிக்கலாம் என்று அதே செக்சன் சொல்கிறது. அந்த வாசகம் நமக்காகவும் எழுதப்பட்டதுதான். தோட்டப்புறத்தில் வாழ்ந்து, தோட்டப்புறத்தின் வலி தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நம் வாக்குச்சீட்டுக்கு அஞ்சாதவரை எப்படிக் கேள்வி கேட்பது? எழுத்தில் கேட்க வேண்டும். தேதி போட்டுக் கேட்க வேண்டும். சட்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். புதிய தலைவரின் மேசையில் நாம் வைக்க வேண்டிய பட்டியல் இது.

முதலாவது, கணக்கெடுப்பு. நகராண்மைக் கழக எல்லைக்குள் எத்தனை தோட்டங்களில் இன்னும் நம் குடும்பங்கள் இருக்கின்றன? எத்தனை ஆலயங்கள், எத்தனை இடுகாடுகள், எத்தனை தமிழ்ப்பள்ளிகள்? ஒவ்வொன்றும் யாருடைய நிலத்தில் நிற்கிறது? இந்த விவரம் ஒரே ஏட்டில் இல்லாவிட்டால், புல்டோசர் வந்த பிறகுதான் ஆலயம் இருந்ததே அதிகாரிக்குத் தெரிய வரும். 2007 அக்டோபரில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. உடைக்க வந்தது புத்ராஜெயாவின் இயந்திரம் அல்ல, ஊராட்சி மன்றத்தின் இயந்திரம். அடுத்த மாதம் 25ஆம் தேதி நம் மக்கள் கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நிபந்தனையுடன் கூடிய அனுமதி. "நிலம் மாநில அரசின் விவகாரம், எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று நகராண்மைக் கழகத்தில் சொல்வார்கள். பாதி உண்மை. நிலத்தின் உரிமையும் வகை மாற்றமும் மாநில அரசின் கையில்தான் உள்ளன. ஆனால் தோட்டத்தை வீடமைப்பு நிலமாக மாற்றும் மேம்பாட்டாளர், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றத்திடம்தான் திட்ட அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. பள்ளிக்கு நிலம், ஆலயத்துக்கு நிலம், இடுகாட்டுக்குப் பாதை, வெளியேற்றப்படும் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் வீடு. இவை தீராமல் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து இல்லை என்று புதிய தலைவர் முதல் மாதமே அறிவிக்கட்டும்.

மூன்றாவது, வீடு. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தோட்டங்கள் கைமாறின, வேலை போனது, வீடு தருகிறோம் என்ற வாக்குறுதி மட்டும் நின்றது. அந்தக் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன. 2010இல் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. 2024 மே 11இல் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. இரண்டுக்கும் தலைவர்கள் திரண்டு வந்து போனார்கள். பெஸ்தாரி ஜெயாவில் 245 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 4 கோடி வெள்ளி தருவதாக 2023இல் கூட்டரசு அரசாங்கம் அறிவித்தது. இத்தனை ஆண்டு மகஜர் கொடுத்து, போராடி, விடாமல் நின்றவர்களின் வெற்றி அது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரின் குப்பையைக் கொட்ட புக்கிட் தாகாரில் இடம் கிடைத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் பால் வெட்டிய கைகளுக்கு வீடு கட்ட இடம் கிடைக்க ஏன் இத்தனை காலம்?

நான்காவது, அடிப்படைச் சேவை. தோட்டச் சாலை தனியார் சாலை என்பதால் குப்பை லோரி வராது, கால்வாய் தூர் வாரப்படாது, கொசு மருந்து அடிக்கவும் ஆள் வரத் தயங்குவார்கள். தொழிலாளர் குடியிருப்பைக் கவனிக்கும் கடமையை 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் முதலாளி மேல் சுமத்துகிறது. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. முதலாளி மன்றத்தைக் காட்டுவார், மன்றம் இலாகாவைக் காட்டும், இலாகா முதலாளியைக் காட்டும். நடுவில் பிள்ளைக்கு டிங்கி வரும். கொசுவுக்கு எந்த நிலம் யாருடையது என்று தெரியாது. புதிய தலைவர் இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்தத் தோட்டத்தில் யார் எந்த வேலையைச் செய்வது என்று எழுத்தில் முடிவு செய்யட்டும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் பத்தாங்காலியில் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். அந்த முகாம் தளம் உரிமம் இல்லாமல் நடந்தது என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். உரிமத்தைப் பரிசோதிப்பது உயிரைக் காக்கும் வேலை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் அமைந்த குடியிருப்புகளையும் கல்லுடைப்புத் தளங்களையும் ஆண்டுதோறும் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும்.

இனி உங்கள் பங்கு.

ஒரு கசப்பான சட்ட உண்மையைச் சொல்கிறேன். "மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம்" என்பது நியாயமான பேச்சு. ஆனால் நீதிமன்றத்தில் அது பட்டா ஆகாது. அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வராது என்று 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 48ஆவது செக்சனில் தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் 62ஆவது செக்சன், பொதுத் தேவைக்காக அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிட மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் நாம் கேட்க வேண்டியது அந்த அரசிதழ் அறிவிப்பைத்தான். மேடையில் சொன்ன வாக்கு காற்றோடு போகும். அரசிதழில் வந்தது ஏட்டில் நிற்கும்.

இன்னொன்று. உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் ஆலயம் இருக்கும் இடம் வணிகப் பகுதி என்று நிறம் தீட்டப்பட்டிருக்கலாம். அன்று பேசாமல் இருந்துவிட்டு, புல்டோசர் வரும் அன்று அழுதால் வழக்கறிஞர்களால் அதிகம் செய்ய முடியாது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்பி 21 நாள் தருவார்கள். அந்தக் கடிதம் நில உரிமையாளருக்குத்தான் போகும். லயத்தில் குடியிருப்பவருக்கு வராது. ஆகவே கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே போய்க் கேளுங்கள்.

மன்றத்தின் கூட்டம் பொதுக்கூட்டம் என்பது பலருக்குத் தெரியாது. மன்றம் தனியாகத் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் அமர்ந்து கேட்கலாம் என்று ஊராட்சி மன்றச் சட்டம் 23ஆவது செக்சனில் சொல்கிறது. தோட்டத்துக்கு இருவர் போதும். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். படித்த பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மலாய் மொழியில் எழுதப் பேச அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

தாமானில் வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு இருமுறை நீங்கள் கட்டும் மதிப்பீட்டு வரியில்தான் இந்த மன்றத்தின் விளக்கு எரிகிறது. புதிய மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால், அறிவிப்பில் குறித்த தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். வரி கட்டுபவர் கணக்குக் கேட்பது தவறே இல்லை. நீங்கள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டாலும், உங்கள் தாத்தா பாட்டியின் இடுகாடு அங்கேதான் இருக்கிறது.

நாம் கேட்பது சலுகை இல்லை, தனிச் சட்டமும் இல்லை. இருக்கிற சட்டத்தை நமக்கும் நடைமுறைப்படுத்துங்கள் என்கிறோம். காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள், அந்த ரப்பரில் இந்த நாடு எழுந்து நின்றபோது லயத்தில் இருந்தவர்கள், நாடு நிமிர்ந்த பிறகு வீதிக்கு வரக் கூடாது.

புதிய தலைவர்களுக்கு வாழ்த்துச் சொல்வோம். மாலையும் போடுவோம். ஆனால் மாலையோடு மகஜரையும் கையில் கொடுப்போம், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குவோம். மூன்று மாதம் கழித்து அந்த நகலை எடுத்துக்கொண்டு மறுபடியும் போவோம். பதில் வரும்வரை போவோம்.