மூன்று பேர், ஓர் அறை, ஒரு கடத்தல்

ஆட்கடத்தலைக் கதையாகக் கொண்ட திரைப்படங்களுக்குப் பஞ்சமில்லை. துரத்தும் கார்கள், கதறும் தாய், தொலைபேசி அழைப்பு எங்கிருந்து வருகிறதெனத் தேடும் பொலிஸார் என எல்லாவற்றையும் பார்த்துச் சலித்துவிட்டோம். 2009ஆம் ஆண்டுப் பிரித்தானியப் படமான 'த டிஸப்பியரன்ஸ் ஒஃப் அலிஸ் கிறீட்' இவற்றுள் எதையுமே காட்டவில்லை.

ஜே பிளேக்சன் இயக்கிய முதலாவது முழுநீளப் படம் இது. நடிகர்கள் மூவரே. பெரும்பகுதி ஒரு வெற்று வீட்டினுள் நடக்கிறது. படப்பிடிப்பு மான் தீவில் நடைபெற்றது. பணமில்லை என்பதால் இப்படி எடுத்தார்கள் எனலாம். ஆனால் அந்த வறுமையே படத்தை உண்மையின் அருகில் கொண்டுசேர்த்திருக்கிறது என்பது என் கருத்து.

தொடக்கத்தில் ஒரு வசனமும் இல்லை. இருவர் வானொன்றைத் திருடுகின்றனர். கடையில் பொருட்கள் வாங்குகின்றனர். சத்தம் வெளியே போகாதபடி சுவரை அடைக்கின்றனர். கதவுக்குப் பூட்டுகள் பொருத்துகின்றனர். தச்சு வேலைக்கு வந்த கூலியாட்களின் நிதானம்! 'வானில் வந்த இனந்தெரியாதோரால் கடத்தப்பட்டார்' என்று இலங்கைப் பத்திரிகைகளில் ஒற்றை வரியில் எத்தனை செய்திகள் வந்தன. அந்த ஒரு வரிக்கு முன்னால் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்பதை நிருபர் எழுதுவதில்லை; எழுத அவருக்குத் தெரியவும் வழியில்லை.

பிடித்துவரப்பட்ட அலிஸின் உடைகளை வெட்டி அகற்றி, படம் பிடித்து, வேறு உடை அணிவிக்கிறார்கள். இக்காட்சி தேவைதானா என்று கேட்போர் உண்டு. அவர்களிடம் தெரிவது இச்சையல்ல, பொதி கட்டுபவனின் கவனம். அச்சமூட்டுவதும் அதுவே. எனினும் கமரா சற்று முன்னரே விலகியிருக்கலாம்.

கேட்கப்படும் தொகை 20 இலட்சம் பவுண். கொடுக்கவேண்டிய தந்தை கடைசிவரை திரைக்கு வருவதேயில்லை. அவரது செல்வம் அந்த அறைக்குள் மகளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. மலசலத்துக்குக்கூட அவள் கடத்தியவனிடம் கெஞ்சவேண்டியிருக்கிறது. அந்தக் கெஞ்சலையே ஆயுதமாக்கித் துப்பாக்கியைப் பறிக்கிறாள். வெடி ஒருவர்மீதும் படவில்லை. வெற்று ரவைக் கோது மட்டும் தரையில் விழுகிறது. அதை மூத்தவனின் கண்ணில் படாமல் மறைக்க இளையவன் படும் பாட்டுக்கு நூறு கார்த் துரத்தல்கள் ஈடாகா. அவன் ஏன் மறைக்கிறான் என்பதை இங்கு சொல்லப்போவதில்லை.

ஜெம்மா ஆர்டர்ட்டன் 2008இல் ஜேம்ஸ் பொண்ட் படத்தில் தோன்றியவர். இதில் தலையில் பையும் வாயில் அடைப்புமாகக் கண்களாலும் மூச்சாலுமே நடிக்கிறார். மார்ட்டின் கொம்ப்ஸ்டன் இளையவன். மூத்தவனாக வரும் எடி மார்சன்தான் படத்தின் பலம். அவர் குரலை உயர்த்தும் இடங்களைவிட, உணவருந்தும்படி அமைதியாகச் சொல்லும் இடங்களே வயிற்றைக் கலக்குகின்றன.

இறுதிப் பகுதியில் கதை அறையைவிட்டு வெளியேறுகிறது. அத்தோடு இறுக்கமும் தளர்கிறது. ஒரு திருப்பத்தின்மேல் இன்னொன்றை ஏற்றாமல் விட்டிருக்கலாம். 2019இல் ஜேர்மனியில் இக்கதையை மீண்டும் படமாக்கினார்கள். பார்ப்பதானால் முதலில் மூலப்படத்தையே பாருங்கள். சிறுவர்களை உறங்க வைத்த பின்னர்.