டாபிக்கு சாக்ஸ், அக்காவுக்குப் புடவை: ஹாரி பாட்டரை 35 வயதில் படித்தால்...

2000-களில் சென்னையில் பள்ளி முடித்தவர்களுக்கு ஹாரி பாட்டர் ஒரு தனி ஞாபகம். லெண்டிங் லைப்ரரியில் பெயர் எழுதிவைத்துக் காத்திருப்பார்கள். லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் பழைய பிரதி தேடுவார்கள். கடைசி பாகம் 2007 ஜூலை 21-ல் வந்தது.

அந்தத் தலைமுறை இன்று மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஃபிளாட்களில் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குப் படித்துக் காட்ட அதே புத்தகத்தை எடுத்தால், அன்று சிரித்துவிட்டுத் தாண்டிய ஓர் இடம் சுருக்கென்று குத்தும். அது டாபி வரும் இடம்.

யார் இந்த டாபி?

பணக்கார மால்ஃபாய் வீட்டில் சம்பளமே இல்லாமல் உழைக்கும் எல்ஃப். உடுத்தியிருப்பது பழைய தலையணை உறை. எஜமானர் கையிலிருந்து ஒரு துணி கிடைத்தால்தான் விடுதலை. ஹாரியின் தந்திரத்தால் ஒரு சாக்ஸ் கிடைக்கிறது.

நான்காம் பாகத்தில் டாபி ஹாக்வார்ட்ஸில் வேலை கேட்கிறது. வாரம் 10 காலியன் சம்பளம், சனி ஞாயிறு லீவ் என்கிறார் டம்பிள்டோர். டாபியோ பேரம் பேசிக் குறைக்கிறது: வாரம் 1 காலியன், மாதம் ஒரே ஒரு நாள் லீவ் போதும்!

பதினான்கு வயதில் இது காமெடி. ஆனால் 'மாசத்துக்கு ரெண்டு நாள் லீவ்' என்ற எழுதாத ஒப்பந்தம் சென்னையில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? மூன்றாம் நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். பிடிப்பவருக்கோ ஆபீஸில் வாரம் 2 நாள் லீவ்.

பாசம் இருக்கே, போதாதா?

'அக்கா எங்க வீட்டு ஆள் மாதிரி. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோமே' என்பார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் கொடுப்பவர் மனசு மாறினால் புடவை நின்றுவிடும். உரிமை அப்படி நிற்காது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லேயே வந்துவிட்டது. 2018-ல் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயமானது. மணிக்கு 37 ரூபாயில் தொடக்கம். வாரத்துக்கு 24 மணி நேரமாவது தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்கிறது 2011-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-வது உடன்படிக்கை. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

ஹெர்மயனி செய்த தப்பு

எல்ஃப்களுக்காகச் சங்கம் ஆரம்பித்தவள் ஹெர்மயனி. சினிமாவில் இந்தப் பகுதியே கிடையாது. அவள் நோக்கம் சரி. ஆனால் எல்ஃப்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே பின்னிய தொப்பிகளை அவர்கள் கண்ணில் படாதபடி ஒளித்துவைத்தாள். அவமானமாக எடுத்துக்கொண்ட மற்றவர்கள் அந்த அறையைச் சுத்தம் செய்யவே வரவில்லை. மொத்த வேலையும் டாபி தலையில் விழுந்தது.

புத்தகம் பிடித்தவர்கள் அந்தத் தப்பைத் திரும்பச் செய்ய வேண்டாம். புடவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'அக்கா, வாரத்துல எந்த நாள் லீவ் வேணும்?' பதில் வந்ததும், அன்றைக்குச் சம்பளம் பிடிக்காமல் இருந்தால் சரி.