மூளைக்கு வயசாகுதா? ஸ்கேன் மட்டும் சொல்லாது, டேட்டாவும் சரியா இருக்கணும்!

'30 வயசுலேயே மூளை தளர ஆரம்பிச்சிடும்' என்று ஒரு ரீல்ஸ் வந்தால் என்ன செய்வோம்? பதறிப்போய் ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு செய்வோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் டேட்டாவை யார், எப்படிச் சேகரித்தார்கள் என்று கேட்க மாட்டோம். கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன்னா, மூளை முதுமை ஆய்வில் பல தப்புகள் நடப்பது டேட்டா டேபிளில்தான்.

ஒரே கேள்வி, ரெண்டு பதில்

1956-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கே.வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் சோதித்தபோது, இளம் வயதிலேயே அறிவுத்திறன் சரியத் தொடங்குவதுபோலத் தெரிந்தது. அதே ஆட்களை 7 ஆண்டுக்கு ஒருமுறை தேடிப்பிடித்துச் சோதித்தபோது கதையே வேறு. பெரும்பாலான திறன்கள் 60 வயதை ஒட்டித்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறைந்தன.

எப்படி இந்த வித்தியாசம்? 1956-ல் 65 வயதில் இருந்தவரும் 25 வயதில் இருந்தவரும் ஒரே மாதிரிப் படிப்பு, சாப்பாடு, மருத்துவத்தோடு வளர்ந்தவர்கள் கிடையாது. தலைமுறை இடைவெளியை மூளைத் தளர்ச்சி என்று கணக்கெழுதிவிட வாய்ப்பு அதிகம்.

வராதவங்க எங்கே?

சரி, அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தால் போதுமா? அதிலும் சிக்கல் இருக்கு. மறதி கூடியவர்கள், உடம்பு முடியாதவர்கள்தான் அடுத்த சுற்றுக்கு அதிகம் வராமல் போகிறார்கள். வந்தவர்களை மட்டும் வைத்து சராசரி எடுத்தால், எல்லோரும் நல்லா இருக்கிற மாதிரி தோன்றும். அதே டெஸ்ட்டை ரெண்டாவது தடவை செய்பவருக்குப் பழக்கத்திலேயே மார்க் கூடும்.

ஸ்கேனும் விதிவிலக்கல்ல. ஆரோக்கியமான முதியவரின் மூளை ஓராண்டில் சுருங்குவது பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. நடுவில் மெஷினை மாற்றினாலோ சாஃப்ட்வேரை அப்டேட் செய்தாலோகூட அளவு அந்த அளவுக்கு மாறலாம். எந்தத் தேதியில், எந்த மெஷினில் எடுத்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்காவிட்டால் அந்த ஸ்கேனுக்குச் செலவழித்த காசு வீண்.

இதைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்கா 1999-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தேசிய அல்சைமர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தது. நாடு முழுக்க உள்ள அல்சைமர் ஆய்வு மையங்கள் 2005 முதல் ஒரே மாதிரிப் படிவத்தில் தகவல் சேகரித்து அங்கே அனுப்புகின்றன.

88 லட்சம் என்ற எண் எப்படி வந்தது?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு சொன்னது. இத்தனை பேரையும் டாக்டர் நேரில் பார்க்க முடியுமா? முடியாது. சுமார் 4,000 முதியவர்களைச் சோதித்தார்கள். அவர்களில் சுமார் 2,500 பேரின் விவரங்களை நிபுணர்கள் ஆன்லைனில் அலசி முடிவு சொன்னார்கள். அதை வைத்து உருவாக்கிய புள்ளியியல் மாடல்தான் மற்றவர்களுக்கும் கணித்தது.

இங்கே இன்னொரு கண்ணி. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி டெஸ்ட் வைத்தால் அவர் தோற்றுப்போவார். அது நோயா, படிப்பு கிடைக்காததா? இதற்காகவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் கேள்விகளை இந்த ஆய்வில் பயன்படுத்தினார்கள். அந்தக் கவனம் இல்லாமல் போயிருந்தால் 88 லட்சம் என்ற எண்ணையே நம்ப முடியாது.

முகமும் டேட்டாதான்

பேரை அழித்துவிட்டால் பிரைவசி பத்திரம் என்று நினைக்கிறோமா? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2019-ல் ஒரு சோதனை செய்தது. 84 பேரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து முகத்தை உருவாக்கி, போட்டோக்களோடு ஒப்பிட்டது முக அடையாள சாஃப்ட்வேர். 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது! ஸ்கேனைப் பகிரும் முன் முகப் பகுதியை நீக்குவதும் டேட்டா டீமின் வேலைதான்.

'இவங்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துல இன்னும் 100 பேரை டெஸ்ட் பண்ணலாமே?' என்று சிலர் கேட்கலாம். தப்பான அளவுகோலால் 100 பேரைக் கூடுதலாக அளந்தால், தப்பு இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

டிமென்ஷியா நம் அப்பா, அம்மாவின் பிரச்னை. நாளைக்கு நம் பிரச்னை. இந்த எண்களை நம்பித்தான் நினைவாற்றல் கிளினிக், பராமரிப்பு மையம், மருந்து எல்லாவற்றுக்கும் அரசு பணம் ஒதுக்கும். அதனால் மூளை ஆய்வுக்குப் பொதுப்பணம் கொடுக்கும்போதே டேட்டா மேனேஜருக்கும் புள்ளியியல் நிபுணருக்கும் முதல் நாளிலிருந்தே இடமும் நிரந்தரச் சம்பளமும் இருக்கா என்று கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு 'இந்த ஃபைலைக் கொஞ்சம் பாருங்க' என்று அவர்களைக் கூப்பிடுவது இனியும் சரிப்படாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த ரீல்ஸ் வரும்போது மூணு கேள்வி கேளுங்க: எத்தனை பேர்? எத்தனை வருஷம் பார்த்தாங்க? நடுவுல விட்டுப்போனவங்க எத்தனை பேர்? பதில் இல்லையென்றால், ஃபார்வர்டு பட்டனைத் தொடாதீங்க.